பெரிய சொகுசு செடானுக்கு 600 குதிரைத்திறன் எதற்கு? அம்பையிலிருந்து ஒரு கேள்வி

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் மாமா அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். வயது 61. மாதம் இரண்டு தடவையாவது சென்னை, வாரம் ஒரு தடவை மதுரை, மற்ற நாளெல்லாம் திருநெல்வேலி, தென்காசி என்று அலைந்துகொண்டே இருப்பவர். இத்தனை வருடமும் இன்னோவாதான். இப்போது முதுகுவலி வந்துவிட்டது. டாக்டர் பயணத்தைக் குறைக்கச் சொல்கிறார், இவரால் குறைக்க முடியாது, அதனால் "இனி ஒரு நல்ல வண்டியில சாஞ்சு உக்காந்து போணும்டே, நீயே பாத்து முடி" என்று என்னிடம் விட்டுவிட்டார். புது வண்டி இல்லை, மூன்று நான்கு வருடம் ஓடிய பெரிய செடான்.

தேடித் தேடி இரண்டு வண்டியில் வந்து நிற்கிறது. ஒன்று டர்போ வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல், 600 குதிரைத்திறனுக்குப் பக்கம், நான்கு சக்கர இழுவை. இன்னொன்று அதைவிட நீளமானது, ஆறு சிலிண்டர் டீசல், 300க்குக் கீழே. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பிராண்டு பெயர் போடவில்லை, போட்டால் பேச்சு அதிலேயே நின்றுவிடும்.

மாமா மகனுக்கு முதல் வண்டிதான் வேண்டும். எனக்கும் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். போன வாரம் கங்கைகொண்டான் தாண்டி, ரோடு காலியாக இருந்த இடத்தில் ஆக்சிலரேட்டரைப் பாதிதான் அழுத்தினேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, முன்னால் தூரத்தில் போன லாரி ஒரு மூச்சுக்குள் கண்ணாடியில் பின்னால் தெரிந்தது. இறங்கி நின்ற பிறகும் கை லேசாக நடுங்கியது, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். ஆனால் அப்போது பின்சீட்டில் யாரும் இல்லை. காசு கொடுத்து வாங்கப்போகிறவர் உட்காரப்போவது அங்கேதான். வீட்டுக்கு வந்த பிறகு இதே யோசனையாக இருக்கிறது. இந்த அளவு பெரிய, இந்த அளவு சொகுசான காருக்கு அத்தனை வேகத்தால் உண்மையிலேயே லாபம் உண்டா? பின்னால் உட்காருகிறவருக்கு அதில் என்ன கிடைக்கிறது?


ஈரடுக்குப்பாலம் எழுதியது:

தம்பி, யோசிக்கவே வேண்டாம், வி8தான். காரணம் சொல்கிறேன்.

எல்லோரும் 600 குதிரைத்திறன் என்றவுடன் 250ல் பறப்பதற்கு என்று நினைக்கிறார்கள். இல்லை. அம்பையிலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி போகிற ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழி ரோடு, முன்னால் வைக்கோல் லோடு டிராக்டர், அதை ஒட்டி ஒரு மினி பஸ், எதிரே வளைவு. அங்கே ஓவர்டேக் பண்ணுகிற நேரம் முழுக்க நாம் எதிர்ப்பாதையில்தான் இருக்கிறோம். 80லிருந்து 120க்கு ஏற, ஆட்களோடு 2,200 கிலோ வரும் வண்டிக்கு 280, 290 குதிரைத்திறன் இருந்தால் தோராயமாக 5 நொடி. 600 இருந்தால் அதில் பாதி. என் கணக்கு இது, அச்சடித்த எண் இல்லை, ஆனால் பெரிதாகத் தப்பாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 28 மீட்டர் போகிறோம். இரண்டரை நொடி மிச்சம் என்றால் 70 மீட்டர் எதிர்ப்பாதை மிச்சம். அந்த 70 மீட்டரில் ஒரு டூவீலர் வரலாம், சந்திலிருந்து ஒரு ஆட்டுக்கிடை முழுசாக ரோட்டுக்கு இறங்கலாம்.

அப்புறம் பிரேக். 600 குதிரைத்திறன் கொடுக்கிறவன் அதற்குத் தகுந்த பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், டயர் எல்லாம் கொடுத்தே ஆக வேண்டும். ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கவும் தெரியும். மாமாவின் உயிருக்கு அதைவிடப் பெரிய சொகுசு என்ன இருக்கிறது?


பின்சீட்டு எழுதியது:

ஓட்டுகிறவர்கள் பேசிவிட்டீர்கள், பின்னால் உட்கார்ந்தவள் ஒன்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து, மூன்றாவது மாதச் செக்கப்புக்குப் பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போனோம். சொந்தக்காரர் ஒருவர் அன்போடு தன் காரைக் கொடுத்தார். நீங்கள் சொல்கிற அதே ரகம், பெரிய செடான், பயங்கர வேகம், உள்ளே தோல் சீட்டு, வாசனையே வேறு மாதிரி. கிளம்பும்போது அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நாற்கரச் சாலையில் பாலங்கள் வருமே, அதில் குறுக்கே ஓர் இணைப்பு இருக்கும். பஸ்ஸில் போனால் அது தெரியவே தெரியாது. இந்த வண்டியில் ஒவ்வொன்றும் 'டக்' என்று முன்சக்கரத்துக்கு ஒரு தடவை, 'டக்' என்று பின்சக்கரத்துக்கு ஒரு தடவை. சத்தமாக இல்லை. உடம்புக்குள் கேட்டது. அம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கயத்தாறு வருவதற்குள் பாலம் வருவதைத் தூரத்திலேயே பார்த்து, இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி, இடுப்பை ஒரு விரற்கடை தூக்கிக்கொள்ளப் பழகிவிட்டார். நான் அதைக் கவனித்தது கோவில்பட்டி கிட்டே போன பிறகுதான். நிறுத்தச் சொல்லி இறங்கினோம். "வண்டி நல்ல வண்டிதான் மக்களே, அடுத்த தடவை ரயில்ல போவோம்" என்றார்.

டிரைவர் மேல் தப்பு இல்லை, 90ஐத் தாண்டவே இல்லை. ரோடும் மோசமில்லை. அந்த வண்டி அவ்வளவு வேகத்தைத் தாங்குவதற்காக அப்படி இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மாமாவுக்கு முதுகுவலி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை ஒரு வரியில் கடந்துவிட்டு எல்லோரும் குதிரைத்திறனைப் பேசுகிறோம்.


ஈரடுக்குப்பாலம் எழுதியது:

அக்கா, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? நீங்கள் சொல்வது புரிகிறது. அது ஸ்போர்ட் மோடில் இருந்திருக்கலாம். கம்ஃபர்ட்டில் போட்டிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும்.


பின்சீட்டு எழுதியது:

நன்றாக நடக்கிறார், தம்பி. கம்ஃபர்ட்டில்தான் இருந்தது. நானே திரையில் பார்த்தேன்.


பழைய ஸ்டியரிங் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பேரன் இந்த இழையைக் காட்டினான், சொல்லத் தோன்றியது. விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஒரு பெரிய வீட்டில் 31 வருடம் வண்டி ஓட்டினேன். முதலில் அம்பாசடர், பிறகு கான்டெஸா, அதுவும் இசுசு 1.8 இன்ஜின் வந்த பிறகு எடுத்த வண்டி. அந்தக் காலத்துக்கு அதுதான் சொகுசு. அது இங்கிலாந்து வாக்ஸ்ஹால் விக்டர் என்ற காரின் வார்ப்பு என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

முதலாளியின் தாயாரைப் பெரிய ஆச்சி என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். வாரம் ஒரு தடவை திருநெல்வேலிக்கு நெல்லையப்பரைக் கும்பிடப் போவார்கள். மடியில் வெற்றிலைச் செல்லம் இருக்கும். வண்டி ஓடும்போதே வெற்றிலையைத் துடைத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பு வெற்றிலையை விட்டு விரலுக்கோ சேலைக்கோ போயிற்று என்றால் அன்றைக்கு எனக்கு ஏச்சுதான். "எய்யா, பைய போ. நான் ஊருக்குப் போறேன், சண்டைக்குப் போகல" என்பார்கள். அதனால் பத்தமடை தாண்டினால் எங்கே பள்ளம், சேரன்மகாதேவியில் எங்கே திருப்பம் என்று எனக்கு மனப்பாடம். கிளட்சை விடுவதும் பிரேக் மிதிப்பதும் ஆச்சியின் பெருவிரலைப் பார்த்துப் பழகியது.

அந்தக் கான்டெஸாவில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏற்றத்தில் ஏசி ஓடினால் இழுவை போதாது. மூன்றாம் கியருக்கு இறக்கி இன்ஜினைக் கத்தவிட வேண்டும். கத்தினால் ஆச்சி நிமிர்ந்து பார்ப்பார்கள். அதனால் பவரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கத்தாமல் இழுக்கிற அளவுக்குப் பவர் வேண்டும். அதற்கு மேல் இருப்பது ஓட்டுகிறவனுக்கு, பின்னால் இருக்கிறவருக்கு இல்லை.


ஸ்டுட்கார்ட் வீரவநல்லூரான் எழுதியது:

அண்ணாச்சி, கடைசி வரியில் நீங்கள் சொன்னதைத்தான் இங்கே பலர் நூறு பக்கத்தில் சொல்கிறார்கள். நான் வீரவநல்லூர்க்காரன், பதினொரு வருடமாக ஜெர்மனியில், கார் சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் அமைப்பு) சம்பந்தப்பட்ட வேலை. கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

இந்தச் சண்டை புதிதில்லை. 1968ல் மெர்சிடிஸ் 300 எஸ்இஎல் 6.3 வந்தது. எரிக் வாக்ஸன்பெர்கர் என்ற பொறியாளர், இரண்டரை டன் எடையுள்ள மெர்சிடிஸ் 600 என்ற லிமோசினுக்காகச் செய்த 6.3 லிட்டர் வி8ஐ எடுத்து, அதைவிடச் சின்ன செடானுக்குள் வைத்தார். 250 குதிரைத்திறன், 220 கிலோமீட்டர் வேகம், நூறைத் தொட ஆறரை நொடி. அந்தக் காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் எண்கள் இவை. ஆனால் கவனியுங்கள், அந்த இன்ஜின் பிறந்தது ஒரு கனமான வண்டியைச் சத்தமில்லாமல் நகர்த்துவதற்காக. நிமிடத்துக்கு 2,800 சுற்றிலேயே 500 நியூட்டன் மீட்டர் இழுவை. கீழே காற்று சஸ்பென்ஷன். வேகம் இருந்தது, ஆனால் பின்சீட்டிலிருந்து எதையும் பிடுங்காமல் இருந்தது.

1975ல் அதன் வாரிசு 450 எஸ்இஎல் 6.9. கிட்டத்தட்ட ஏழு லிட்டர், 286 குதிரைத்திறன், ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் வாயுவும் சேர்ந்த சஸ்பென்ஷன். 1980களின் நடுவில் வந்த முதல் பிஎம்டபிள்யூ எம்5 என்ற வேகச் செடான், அதுவும் 286. இப்போது 2018 வாக்கில் வந்த மெர்சிடிஸ் எஸ் 350டி டீசலைப் பாருங்கள், மூன்று லிட்டர், அதே 286, இழுவை 600 நியூட்டன் மீட்டர், நூறைத் தொட 6 நொடி. ஒரு காலத்தில் உலகமே வாயைப் பிளந்த எண் இன்றைக்கு டிரைவர் ஓட்டும் டீசல் காரில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'அதீத வேகம்' என்பது 286 என்று இருந்த வரைக்கும் சொகுசு காருக்கு அதனால் நிஜமாகவே லாபம் இருந்தது. அண்ணாச்சியின் கான்டெஸா ஏற்றத்தில் கத்தியதே, அந்தக் குறை அதோடு தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகும் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

சமமான ரோட்டில் ஒரு பெரிய செடான் நூறில் நிதானமாகப் போவதற்கு எவ்வளவு பவர் வேண்டும் தெரியுமா? 20, 25 குதிரைத்திறன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும், அதை ஜெயிக்கத் தேவையான பவர் மும்மடியில் ஏறும். அதனால்தான் 250, 300க்குப் போகும்போது எண்கள் எகிறுகின்றன. இங்கே வேக வரம்பே இல்லாத ஆட்டோபான் துண்டுகள் உண்டு, ஏ81ல் நானே போயிருக்கிறேன். பரிந்துரை வேகம் 130. பெரும்பாலானவர்கள் அதை ஒட்டித்தான் போகிறார்கள். 220ல் போகிற கார் அடுத்த நிமிடமே யாரோ லேன் மாறுவதால் 120க்குப் பிரேக் போடும், மறுபடி 220. பின்னால் உட்கார்ந்து போனால் குமட்டும்.

பாலத்து 'டக்' பற்றி அக்கா எழுதினாரே, அது தற்செயல் இல்லை. மேலும் கீழுமாக நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை வரும் அதிர்வுதான் மனித உடம்பை அதிகம் படுத்தும். உட்கார்ந்திருக்கும்போது முதுகெலும்பும் வயிறும் அதற்குக் கூடவே ஆடும். சொகுசு காரின் ஸ்பிரிங் நொடிக்கு ஏறக்குறைய ஒரு ஆட்டம் என்று மென்மையாக வைக்கப்படும், அதனால் அந்த 4, 8 வரிசையில் வருவதை உடம்புக்கு வராமல் விழுங்கிவிடும். வேகக்கார வண்டியில் ஸ்பிரிங்கை இறுக்குவார்கள், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை இறுக்குவார்கள், பெரிய டிஸ்க், பெரிய ரிம் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையும் கூடும். விழுங்க வேண்டியது மேலே வந்துவிடும்.


ஈரடுக்குப்பாலம் எழுதியது:

சார், விவரத்துக்கு நன்றி. ஆனால் அந்த 6.3ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து ஏஎம்ஜி என்ற பந்தயக் கார் நிறுவனம் கட்டிய கார் 1971ல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாவது வந்தது. அப்படிப்பட்ட வண்டியைச் செய்தவர்கள்தான் பிறகு நல்ல சொகுசு காரையும் செய்கிறார்கள். மேல் மாடலில் புதிது வரும், பிறகு கீழே இறங்கும். காற்று சஸ்பென்ஷன், ரோட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும் டேம்பர் (ஷாக் அப்சார்பர்), பின்சக்கரமும் திரும்புவது, இதெல்லாம் அதீத வேகத்துக்குப் பின்னால் ஓடியதால் வந்தவைதானே?


ஸ்டுட்கார்ட் வீரவநல்லூரான் எழுதியது:

பிரேக், டயர், உடல் உறுதி இவற்றில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். சஸ்பென்ஷனில் இல்லை. எண்ணெயும் வாயுவும் சேர்ந்த அமைப்பை நான்கு சக்கரத்துக்கும் 1955ல் சிட்ரோவன் டிஎஸ் கொண்டுவந்தது, அது வேகத்துக்காகப் பிறந்த கார் இல்லை, சுமாரான நாலு சிலிண்டர் இன்ஜின்தான். முன்னால் ரோட்டைக் கேமராவில் பார்த்து சஸ்பென்ஷனைத் தயார்ப்படுத்தும் முறை 2013ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தபோதும் நோக்கம் பின்சீட்டுத்தான்.

இன்னொன்று. எடை. 2017ல் வந்த எம்5 600 குதிரைத்திறன், நூறுக்கு 3.4 நொடி. 2024ல் வந்தது பேட்டரியும் சேர்த்து 727 குதிரைத்திறன், நூறுக்கு 3.5. நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன் கூடியும் பத்தில் ஒரு நொடி பின்னால். காரணம் 500 கிலோவுக்கு மேல் ஏறிய எடை. அதை நிறுத்தப் பெரிய பிரேக், பிரேக்குக்குப் பெரிய ரிம், ரிம்முக்குப் பக்கச்சுவர் குட்டையான டயர். ஒன்றன் பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகிறது. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் பயணி இல்லை.

உங்கள் ஓவர்டேக் கணக்கு மட்டும் என்னை யோசிக்க வைத்தது. 70 மீட்டர் சரிதான். ஆனால் 100க்குப் பதில் 140ல் போனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. 600 இருக்கிற வண்டியில் 120ல் நிறுத்துகிற கால் எத்தனை பேருக்கு இருக்கிறது?


பாளை டயர் எழுதியது:

நான் டயர்க்கடைக்காரன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டயரில் 275/35 ஆர் 20 என்று இருந்தால், அகலம் 275 மில்லிமீட்டர், அதில் 35 சதவீதம் பக்கச்சுவர் உயரம். அதாவது 96 மில்லிமீட்டர். 245/50 ஆர் 18 என்றால் 122. இரண்டுக்கும் வித்தியாசம் 26 மில்லிமீட்டர், கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் காற்றுத் தலையணை அதுதான். ஸ்பிரிங் என்ன செய்தாலும் முதல் அடியை வாங்குவது அது.

பெரிய வேகத்துக்கான டயர் வேறு மாதிரி. ஹெச் என்று போட்டிருந்தால் 210 வரை, வி என்றால் 240, டபிள்யூ 270, ஒய் 300. 300ல் சுற்றும்போது டயர் விரிந்து பிய்யாமல் இருக்க உள்ளே கூடுதலாகக் கட்டுவார்கள், அந்தக் கட்டு 40ல் போகும்போதும் அங்கேயேதான் இருக்கும். அதில் ரன்ஃபிளாட் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) என்றால் பக்கச்சுவர் இன்னும் கனம்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் என் கடைக்கு வரும் பெரிய கார்களைப் பார்த்தால் தெரியும். பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருக்கும். பள்ளத்தில் இறங்கியபோது ரிம்முக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கி உள்ளே நூல் அறுந்திருக்கும். அதை ஒட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். போன வருடம் ஒருத்தர் ஒரே மழைக்காலத்தில் மூன்று டயர் மாற்றினார். அந்த அளவில் டயர் இங்கே இருப்பு வைக்க முடியாது, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். ஐந்து நாள் அவர் வண்டி என் கடை வாசலில் ஜாக்கியில் நின்றது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியை அவர் ஆட்டோவில் வந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்கே சங்கடமாக இருந்தது.

600 குதிரைத்திறன் நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. 35 டயர் நம் ஊருக்கு ஆகாது.


ஆரல்காற்று எழுதியது:

காற்றாலைப் பராமரிப்பு வேலை, பணகுடியிலிருந்து முப்பந்தல் வரை தினமும் போகிறவன். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது பெரிய செடான் தரையைப் பிடித்துப் போவது நிஜம், சின்ன கார் அலையும். ஆனால் அது நீளத்தாலும் தாழ்வான உடலாலும் வருவது, 300 குதிரைத்திறன் டீசலுக்கும் அதேதான்.

மின்சார கார் பற்றி யாரும் பேசவில்லையே. பிஎம்டபிள்யூ ஐ7ல் எம்70 என்று ஒன்று, 660 குதிரைத்திறன், நூறுக்கு 3.7 நொடி. மோட்டாருக்குக் கத்தவே தெரியாது. அதில் வேகமும் சொகுசும் சண்டை போடவில்லை என்று தோன்றுகிறது.


ஸ்டுட்கார்ட் வீரவநல்லூரான் எழுதியது:

இன்ஜின் சத்தம், கியர் உதறல் வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. மோட்டாரில் பெரிய பவர் கொடுப்பது வி8 அளவுக்குச் சிரமமே இல்லை, அதனால் அங்கே வேகம் கிட்டத்தட்ட கூடவே வந்துவிடுகிறது. ஆனால் அந்த வண்டி 2,600 கிலோவைத் தாண்டும். பாளை டயர் அண்ணன் சொன்ன 26 மில்லிமீட்டர் அங்கேயும் அதே கணக்குத்தான்.


பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலைச் செல்லம் கதையைக் கேட்டுவிட்டு அத்தை, "அப்ப அதையே செஞ்சு பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டார். அத்தைக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை, மல்லிகைப்பூ கட்டுவார். நேற்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியையும் வாங்கி, ஒரே வழியில், ஒரே டிரைவரை வைத்து ஓட்டினோம். திருநெல்வேலியிலிருந்து பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, கல்லிடை, அம்பை. மாமா பின்னால் இடப்பக்கம், அத்தை பக்கத்தில் மடியில் பூவோடு, நான் முன்னால்.

வி8 நான் நினைத்ததைவிட நன்றாகவே போனது, அதை மறைக்கக் கூடாது. ஊருக்கு வெளியே நல்ல தார் ரோட்டில் கம்ஃபர்ட்டில் போட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. பத்தமடை ஊருக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது. வேகத்தடை வரிசையாக வரும் இடத்தில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் அத்தை கையை நிறுத்திவிட்டார். வழியில் ஒரு ரயில்வே கேட், தண்டவாளத்தைக் கடந்த நொடியில் கட்டிக்கொண்டிருந்த முடிச்சு நழுவி நாலைந்து பூ கீழே உதிர்ந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கையை எடுத்துக் கதவுக் கைப்பிடியில் வைத்துவிட்டார், அம்பை வரும் வரை எடுக்கவில்லை. பின்சீட்டு அக்கா, உங்கள் அம்மா இடுப்பைத் தூக்கிக்கொண்டார் என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு அந்தக் கையைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

டீசலில் அதே தண்டவாளம். உள்ளே 'தொப்' என்று ஒரு மெத்தைச் சத்தம், அவ்வளவுதான். அத்தை கட்டிக்கொண்டே இருந்தார். வீரவநல்லூர் தாண்டி ஒரு நெல் லாரியை ஓவர்டேக் பண்ண டிரைவர் அழுத்தினார், கத்தாமல் இழுத்துக்கொண்டு போனது. ஈரடுக்குப்பாலம் அண்ணன் சொன்ன அந்த இரண்டரை நொடி இதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக டிரைவரிடம், எதிரே முழுசாகத் தெரியாத இடத்தில் ஏறவே கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கல்லிடை வருவதற்கு முன்னால் மாமா கண்ணை மூடிவிட்டார். மூன்று மாதமாக வண்டியில் தூங்காத மனிதர்.

டீசலையே முடித்துவிட்டோம். மாமா மகனுக்கு வருத்தம்தான். இரண்டு வருடம் போகட்டும், அவனே ஓட்டுவதற்குச் சின்னதாக, சுறுசுறுப்பாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். அந்த வேகம் அவனுக்கு அங்கே கிடைக்கட்டும், கங்கைகொண்டானில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் பொய் இல்லை.

ஒரே ஒரு சிக்கல். பழைய ஓனர் அழகுக்காக 20 இஞ்ச் ரிம் மாட்டியிருக்கிறார். அதற்கு முன்னால் அதில் 18தான் இருந்திருக்கிறது, அந்த ரிம்மும் கூடவே வருகிறது. பாளை டயர் அண்ணாச்சி, 245/50 ஆர் 18 நாலு கிடைக்குமா?


ஈரடுக்குப்பாலம் எழுதியது:

நல்ல முடிவு, தம்பி. ஓவர்டேக் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன், அது ஓட்டுகிறவனின் கணக்கு. ஆனால் அந்தக் கைப்பிடி விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மாமாவுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.


பாளை டயர் எழுதியது:

கிடைக்கும் தம்பி. 18க்கு இறங்குவதற்கு முன்னால் பிரேக் காலிப்பர் உள்ளே இடிக்கிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்க்கணும், வண்டியோடு வந்த ரிம் என்றால் இடிக்காது, இருந்தாலும் பார்ப்போம். டயர் வந்ததும் நீங்களே பக்கச்சுவரில் தேதியைப் பாருங்கள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பழசாக இருந்தால் என் கடையாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஸ்டெப்னியிலும் அதைப் பாருங்கள், யாரும் அதைப் பார்ப்பதில்லை. காலை பத்து மணிக்கு முன்னால் வந்தால் அலைன்மென்ட்டும் முடித்துக் கையோடு அனுப்பிவிடுவேன்.